ஆபீஸ் வேலைக்கும் டிசைனுக்கும் ஒரே கம்பியூட்டர்: ஒன்றரை லட்சத்துக்குள் வாங்கியவர்கள் சொல்லுங்கள்

கொப்பிக்கடை, ஹட்டன்

ஹட்டன் டவுனில் சின்னதாக ஒரு போட்டோகொப்பி, டைப்செட்டிங் கடை வைத்திருக்கிறேன். காலையில் பயோடேட்டா, பிரதேச செயலகத்துக்குக் கொடுக்கும் கடிதம், ஈபிஎஃப் படிவம். பின்னேரம் தேர்த் திருவிழா நோட்டீஸ், மஞ்சள் நீராட்டு விழா அழைப்பிதழ், டியூஷன் பேனர். பாதி வேலை தமிழும் சிங்களமும் கலந்துதான் வரும். பழைய மெஷினை மாற்ற வேண்டி வந்தபோது கையில் ஒன்றரை லட்சம் இருந்தது, சீட்டு எடுத்த காசு. அதற்குள் மெஷின், மொனிட்டர், யுபிஎஸ் மூன்றும் முடிய வேண்டும்.

மாற்றியதற்கு வேகம் காரணம் இல்லை. 2025 ஒக்டோபர் 14 உடன் விண்டோஸ் 10க்கான வழக்கமான இலவச அப்டேட் முடிந்தது. விண்டோஸ் 11 போட, புரொசெசர் இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையிலிருந்து, ஏஎம்டி என்றால் ரைசன் 2000 வரிசையிலிருந்து வேண்டும், கூடவே டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி. என்னுடையது ஆறாம் தலைமுறை. சுற்றுவழியில் போடலாம் என்று பையன்கள் செய்து காட்டுகிறார்கள். செய்யலாம்தான். ஆனால் ஊர்ச்சனத்தின் அடையாள அட்டையும் பேங்க் புத்தகமும் ஸ்கேன் ஆகிக் கிடக்கிற மெஷினை அப்படி ஓட்ட எனக்கு மனம் வரவில்லை.

கொழும்பில் ஒரு கடையில் ஏறி, டிசைன் வேலைக்கு மெஷின் பார்க்க வந்தேன் என்றதும், "மல்லி, டிசைன் என்றால் இதுதான்" என்று கலர் லைட் எரிகிற கேமிங் பெட்டியைக் காட்டினார்கள். விலையில் பெரும்பங்கு கிராபிக்ஸ் கார்டுக்கே போகிறது. என் வேலை போட்டோஷொப், கோரல்ட்ரோ, வேர்ட். அந்தக் கார்டு எனக்காக நாளெல்லாம் சும்மாதான் இருக்கும். வீடியோ வெட்டுகிறவர், 3டி செய்கிறவர் வாங்கட்டும். நம்மைப் போன்றவர்களுக்கு 16 ஜிபி ராமும் ஒரு எஸ்எஸ்டியும் (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) இருந்தால் அழைப்பிதழ் என்ன, ஆறடி பேனரும் ஓடும்.

கடைசியில் வாங்கியது கம்பெனிகளில் சில வருடம் ஓடி, லீஸ் முடிந்து வெளியே வந்த டெஸ்க்டொப். டெல் ஒப்டிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் என்று மூன்று வகையும் கடைகளில் அடுக்கி இருக்கும். நான் எடுத்ததில் ஐ5-8500, ஆறு கோர். இதில் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். "ஐ7 மெஷின், மலிவு" என்று ஒன்றை நீட்டுவார்கள். கோட்டுக்குப் பிறகு வரும் எண்ணைப் பாருங்கள். ஐ7-4770 என்றால் நான்காம் தலைமுறை, விண்டோஸ் 11 பட்டியலிலேயே இல்லை. ஐ5-8500 அதைவிட நல்ல மெஷின். ஐ7 என்ற பெயரை வைத்து விற்பவர்கள் அந்த நாலு இலக்கத்தைச் சொல்லவே மாட்டார்கள், நாமாகக் கேட்க வேண்டும்.

மெஷினில் மிச்சம் பிடித்ததை மொனிட்டரில் போட்டேன். இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். மெஷின் பழையதாக இருக்கலாம், திரை புதிதாக இருக்க வேண்டும். கம்பெனியிலிருந்து மெஷினோடு சேர்ந்து வரும் பழைய மொனிட்டர்களில் வெள்ளையே லேசாக மஞ்சள் அடித்திருக்கும். அதில் ஒரு அம்மன் படத்தைத் திருத்தினால், மஞ்சளைச் சரிசெய்கிறோம் என்று நினைத்து நீலத்தை ஏற்றிவிடுவோம். அச்சாகி வந்ததும் குங்குமம் கத்தரிப்பூ நிறத்தில் நிற்கும். திருவிழா நோட்டீஸில் இது நடந்தால் கோயில் கமிட்டி என்ன பேசும் என்று உங்களுக்கே தெரியும்.

கடையில் இரண்டு கேள்வி போதும். ஐபிஎஸ் (பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத திரை வகை) பேனலா? எஸ்ஆர்ஜிபி (திரைகளுக்கான பொது நிற அளவுகோல்) எத்தனை வீதம்? 99 என்று பெட்டியில் போட்டிருந்தால் நல்லது. மலிவான லெப்டொப் திரைகளில் 45 வீதம் என்டிஎஸ்சி என்று வேறொரு நிற அளவுகோலில் இருக்கும். அது எஸ்ஆர்ஜிபி கணக்கில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான், மிச்ச நிறம் திரையிலேயே கிடையாது. 72 வீதம் என்டிஎஸ்சி என்றால் கிட்டத்தட்ட முழு எஸ்ஆர்ஜிபி. அப்புறம் உங்கள் பழைய வேலை ஒன்றை, அச்சடித்த தாளோடு, பென்டிரைவில் கொண்டுபோய்த் திறந்து பாருங்கள். பக்கத்தில் நின்றும் பாருங்கள். நிறம் மாறினால் வேண்டாம். நான் 24 அங்குலம் எடுத்தேன், ஏ4 இரண்டு பக்கம் அருகருகே தெரிகிறது. எவ்வளவு நல்ல திரை என்றாலும் பளிச்சென்ற நீலமும் கிளிப்பச்சையும் நான்கு மை அச்சில் அப்படியே வராது. அதை வாடிக்கையாளருக்கு முதலிலேயே சொல்லிவிடுவது என் பழக்கம்.

நீங்கள் என்ன வாங்கினீர்கள், எப்படி ஓடுகிறது என்று எழுதுங்கள்.

வயர்தம்பி, தலவாக்கலை

அண்ணே சொன்னது சரி. நான் திருத்துகிற ஆள், இந்த லீஸ் மெஷின்கள் வாரம் முழுக்க என் மேசையில்தான் கிடக்கும். பெட்டியின் அளவைப் பற்றி யாரும் சொல்வதில்லை, அதனால் நான் சொல்கிறேன்.

ஒரே மொடல் மூன்று அளவில் வரும். பெரிய டவர், படுக்கவைக்கிற ஒல்லிப் பெட்டி, கையகல மினி. மினியில் கிராபிக்ஸ் கார்டுக்குப் பெரும்பாலும் இடமே இல்லை. ஒல்லிப் பெட்டியில் பாதி உயரக் கார்டுதான் போகும், பவர் சப்ளையும் அந்தக் கம்பெனிக்கே உரிய வடிவம், வெளியில் வாங்கி மாட்ட முடியாது. பின்னாளில் கார்டு போடும் எண்ணம் இருந்தால் டவர் எடுங்கள். ஒல்லிப் பெட்டி கையில் இருக்கிறவர்களுக்கும் வழி இருக்கிறது. குவாட்ரோ பி620, ஜிடிஎக்ஸ் 1650இன் பாதி உயர வகை என்ற இரண்டு கார்டும் ஸ்லொட்டிலிருந்தே கரண்ட் எடுக்கும், தனி வயர் வேண்டாம். பி620இல் மினி டிஸ்பிளேபோர்ட் வாய்தான், கன்வர்ட்டரையும் சேர்த்து வாங்குங்கள்.

எடுப்பதற்கு முன் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச புரோகிராமை ஓட்டினால், டிஸ்க் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது, உடம்பு எப்படி என்று சொல்லிவிடும். பயோசுக்குள், அதாவது விண்டோஸ் திறக்கும் முன் வரும் மெஷினின் அடிப்படை செட்டிங்குக்குள், போய்ப் பாருங்கள். பழைய கம்பெனி போட்ட பாஸ்வேர்ட் அங்கே இருந்தால், விண்டோஸை எத்தனை முறை புதிதாகப் போட்டாலும் போகாது. கடைக்காரரே எடுத்துக் கொடுக்கட்டும்.

அப்புறம் கரண்ட். நம் பக்கத்தில் ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி எப்படி விழும் என்று சொல்லத் தேவையில்லை. இடி மெஷினுக்குள் வருவது கரண்ட் வயரால் மட்டும் இல்லை, ரவுட்டரின் நெட்வேர்க் வயராலும் வரும். இரண்டையும் கழற்றுங்கள். இரண்டு முள் பிளக்கை மாட்ட, பேனா மூடியால் ஏர்த் ஓட்டையைக் குத்தித் திறக்கிற வித்தை எல்லா வீட்டிலும் இருக்கிறது. கம்பியூட்டருக்கு அதைச் செய்யாதீர்கள், ஏர்த் இல்லாமல் ஓடினால் பெட்டியைத் தொட்டாலே சுள்ளென்று இருக்கும்.

யுபிஎஸ் 650 விஏ போதும், மெஷினும் மொனிட்டரும் மட்டும் அதில். லேசர் பிரின்டரை அதில் மாட்டினால் சூடேறும் நொடியில் இழுக்கிற இழுவைக்கு யுபிஎஸ் படுத்துவிடும். 2025 பெப்ரவரி 9, ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து நாடு முழுக்க இருட்டானதே, அன்றைக்கு யுபிஎஸ் இருந்தவர்கள் ஃபைலை சேவ் பண்ணிவிட்டு மெஷினை ஒழுங்காக அணைத்தார்கள். அதற்குத்தான் யுபிஎஸ், மணிக்கணக்கில் வேலை செய்ய இல்லை.

டீச்சரம்மா, பதுளை

டெஸ்க்டொப்தான் வாங்க வேண்டும் என்று எல்லாருக்கும் சொல்லிவிட முடியாது தம்பிமார்களே. நான் பள்ளியிலும் வீட்டிலும் மாறி மாறி வேலை செய்கிறவள். வினாத்தாள், மாணவர் தேர்ச்சி அறிக்கை, விளையாட்டுப் போட்டிக்குச் சான்றிதழ், கலைவிழா மலர். எடுத்தது பழைய திங்க்பேட் டி480. அதுவும் எட்டாம் தலைமுறை. ராமுக்கு இரண்டு ஸ்லொட் இருப்பதால் பிறகு கூட்டிக்கொள்ளலாம். அதே பெயரில் கடைசியில் எஸ் சேர்ந்து வரும் மெல்லிய மொடலில் ஒரு பகுதி ராம் போர்டோடு ஒட்டியிருக்கும், ஒரு ஸ்லொட்தான் மிச்சம். வெளியிலிருந்து கழற்றி மாட்டும் பேட்டரி என்பது எனக்குப் பிடித்தது, தேய்ந்தால் புதிது வாங்கி மாட்டிவிட்டால் முடிந்தது.

எங்கள் வீட்டுப் பக்கம் இரவில் வோல்டேஜ் இறங்கி பல்ப் மங்கும். லெப்டொப் சார்ஜர் 100 வோல்டிலிருந்து 240 வரை தாங்கும், அதனால் அதற்கு ஒன்றும் ஆவதில்லை. கரண்ட் போனால் யுபிஎஸ் கீச்சிடுகிற சத்தமும் இல்லை. திரை மட்டும் மங்கல், உண்மைதான். மலருக்குப் படம் திருத்தும்போது வீட்டு மொனிட்டரில் மாட்டிக்கொள்கிறேன்.

எனக்கு மெஷினைவிடத் தொல்லை கொடுத்தது எழுத்து. பள்ளியில் பழைய வினாத்தாள் எல்லாம் பாமினியில் இருக்கிறது. அந்த எழுத்துரு இல்லாத மெஷினில் திறந்தால் இங்கிலீஷ் எழுத்துக் குப்பையாகத் தெரியும். புதிய மெஷின் வாங்கியதும் முதல் வேலையாகப் பழைய எழுத்துருக்களைக் கொப்பி எடுத்து வையுங்கள். புதிதாகத் தட்டுவதை, எழுத்துரு மாறினாலும் படிக்க வருகிற யூனிகோடில் தட்டுங்கள்.

ஸ்டூடியோ, பண்டாரவளை

நான் எதிர்க்கட்சி. பழையது வாங்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை, ஏனென்றால் கல்யாண சீசனில் மெஷின் நின்றால் என் பெயர் போகும். புதிதாகச் சேர்த்துக் கட்டினேன். ரைசன் 5 5600ஜி, ஆறு கோர், பன்னிரண்டு திரெட், கிராபிக்ஸ் சிப்புக்குள்ளேயே இருக்கிறது. ஆல்பம், சின்னச் சின்ன வீடியோ வரை தாராளமாகப் போகிறது. அந்த கிராபிக்ஸ் நம் ராமைத்தான் கடன் வாங்கி ஓடுகிறது, ஆகவே 16 ஜிபி ஒரே துண்டாகப் போடாமல் 8ம் 8மாகப் போடுங்கள். வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

2025 கடைசியிலிருந்து உலகம் முழுக்க ராம் விலை ஏறிவிட்டது, ஏஐ சேர்வர்களுக்கு எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போகிறார்கள். நான் அதற்கு முன்பே கட்டிவிட்டேன். இப்போது கணக்குப் போட்டால் ராமோடு சேர்ந்து வரும் பழைய மெஷின் மலிவாகத் தெரியலாம், ஹட்டன் அண்ணன் பக்கம் நியாயம் கொஞ்சம் கூடிவிட்டது. ஆனாலும் வாரண்டி விஷயத்தில் நான் இறங்கிவர மாட்டேன். கொழும்பில் பத்தாயிரம் குறைவாகக் கிடைத்தாலும், பழுதானால் அதைத் தூக்கிக்கொண்டு போய்வர ஒரு நாள் கடையைப் பூட்ட வேண்டும். உள்ளூரில் வாங்கினால் கடைக்காரரின் முகத்துக்கு நேரே போய் நிற்கலாம்.

மைக்கூடு, நானுஓயா

சொஃப்ட்வெயார் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லையே! ஒன்றரை லட்சத்தை மெஷினில் போட்டுவிட்டு, பத்து ரூபாய் சிடியில் வந்த திருட்டு போட்டோஷொப்பை ஏற்றுகிறோம். அதோடு என்ன வருகிறது என்று யாருக்கும் தெரியாது. என் பக்கத்துக் கடையில் அப்படி வந்த வைரஸ் எல்லா ஃபைலையும் பூட்டிவிட்டு டொலரில் காசு கேட்டது.

எஃபினிட்டி என்ற டிசைன் சொஃப்ட்வெயாரை கென்வா கம்பெனி வாங்கி, 2025 ஒக்டோபர் 30 முதல் இலவசமாகக் கொடுக்கிறது. படம், வரைதல், பக்கவடிவமைப்பு மூன்றும் ஒரே புரோகிராமில். படம் திருத்தும் இலவச புரோகிராமான ஜிம்ப் 3.0 அதே வருடம் மார்ச்சில் வந்தது, பழைய ஜிம்பைப் பார்த்து ஓடியவர்கள் திரும்பிப் பார்க்கலாம். எதை எடுத்தாலும் முதலில் கொம்பு, துணைக்கால் வருகிற வரி ஒன்றைத் தட்டிப் பாருங்கள், "கோயில் கொடியேற்றம்" போதும். கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றால் அந்த புரோகிராம் நமக்கு உதவாது. வரைதலுக்கான இலவச இன்க்ஸ்கேப்பில் யூனிகோட் தமிழ் எனக்கு ஒழுங்காக வருகிறது. போட்டோஷொப் காசு கட்டி வைத்திருப்பவர்கள், எழுத்து உடைந்தால் செட்டிங்கில் வேர்ல்ட்-ரெடி லேஅவுட் என்பதைத் தேர்ந்து பாருங்கள்.

லயத்துப்பொடியன், மஸ்கெலியா

அண்ணே, ஏஎல் முடித்துவிட்டு டிசைன் பழகிக்கொண்டு இருக்கிறேன். கையில் எண்பதாயிரம்தான் இருக்கிறது. ஆப்பிளின் மெக் மினி எம்4 நல்லது என்கிறார்கள். அதற்குச் சேர்க்கட்டுமா, இப்போதே ஏதாவது வாங்கட்டுமா?

கொப்பிக்கடை, ஹட்டன்

தம்பி, அது நல்ல மெஷின்தான், 2024இல் வந்தபோதே 16 ஜிபியோடு 599 டொலர் என்று போட்டார்கள். ஆனால் அது அமெரிக்க விலை, இங்கே வந்து சேரும்போது கூடும். மொனிட்டர், கீபோர்ட், மவுஸ் எல்லாம் தனி. ராமைப் பின்னால் கூட்டவும் முடியாது. நீ சேர்த்து முடிப்பதற்குள் பழகுகிற காலம் போய்விடும்.

இப்போதே எட்டாம் தலைமுறை டவர் ஒன்றை எடு. 8 ஜிபி ஒரே துண்டாக இருந்தாலும் பரவாயில்லை, பக்கத்து ஸ்லொட் காலியாக இருக்கிறதா என்று மட்டும் பார். எஸ்எஸ்டி கட்டாயம். மொனிட்டர் இப்போதைக்கு யாரிடமாவது பழையது வாங்கிக்கொள், உனக்கு இன்னும் அச்சு வேலை வரவில்லை. முதல் ஓடர் கிடைத்ததும் அதை மாற்றிவிடு. மிச்சக் காசில் யுபிஎஸ், ராமுக்கு முன்பே அதுதான். வாங்கும்போது பேட்டரி எந்த வருடத்தது என்று கேள், கடையில் தூங்கிக் கிடந்த பேட்டரி வீட்டுக்கு வந்து அதிக நாள் நிற்காது. தலவாக்கலைத் தம்பியைக் கூட்டிக்கொண்டு போக முடிந்தால் இன்னும் நல்லது. பஸ் காசும் சாப்பாடும் உன் பொறுப்பு.

வயர்தம்பி, தலவாக்கலை

வாரேன். ஞாயிற்றுக்கிழமை தவிர எந்த நாளும் சரி. அந்த அம்மன் படத்தையும் பென்டிரைவில் அனுப்புங்கள் அண்ணே, கடையில் மொனிட்டர் பார்க்க உதவும்.