நாற்பதைத் தாண்டியும் சிறுவர் நாவல் படிப்பவர்கள் உண்டா?

கேள்வி
மகளுக்காக நூலகத்தில் எடுத்த புத்தகம், ஜோன் எய்கென் எழுதிய ‘தி உல்வ்ஸ் ஆஃப் வில்லபி சேஸ்’ (1962). இப்போது என் தலையணைக்குப் பக்கத்தில் கிடக்கிறது. கதை 1832 இங்கிலாந்தில் நடக்கிறது. அரசர் மூன்றாம் ஜேம்ஸ்! அப்படி ஒருவர் ஆண்டதே இல்லை. இங்கிலாந்தின் டோவருக்கும் பிரான்ஸின் கலேவுக்கும் நடுவே கடலடிச் சுரங்கம் வேறு. நிஜச் சுரங்கம் 1994-ல்தான் திறந்தது. அதன் வழியாகக் குளிர் தாங்காத ஓநாய்கள் கூட்டம் கூட்டமாக வந்துவிடுகின்றன. ரயிலின் ஜன்னலை உடைத்துக்கொண்டு ஓநாய் பாயும் இடத்தை மகள் திரும்பத் திரும்பப் படிக்கிறாள். எனக்கோ ‘அப்போ ஜார்ஜ் மன்னர்களெல்லாம் எங்கே போனார்கள்?’ என்ற யோசனைதான். வீட்டில் கிண்டல் செய்கிறார்கள். உங்களுக்கும் இப்படி உண்டா? அடுத்து எதைப் படிக்கலாம்?

பதில் 1
ஜார்ஜ் விவகாரம் அடுத்த புத்தகத்தில், ‘பிளாக் ஹார்ட்ஸ் இன் பேட்டர்சீ’ (1964). நிஜத்தில் 1714-ல் ஜெர்மனியின் ஹனோவரிலிருந்து வந்த ஜார்ஜ் முடிசூடினார். அரியணை தனக்கே என்ற பழைய ஸ்டூவர்ட் வம்சத்து ஜேம்ஸின் ஆட்கள் கிளர்ச்சி செய்து தோற்றார்கள். கதையில் அப்படியே தலைகீழ். ஸ்டூவர்ட் அரியணையில், ஹனோவர் கட்சி நிலவறையில் சதித்திட்டத்தில்! குழந்தைக்கு அது வில்லன் கும்பல், அவ்வளவுதான். பள்ளியில் அந்த வம்சாவளியை உருப்போட்ட நமக்குத்தான் சிரிப்பு வரும். மூன்றாவது புத்தகத்தில் அமெரிக்காவின் நான்டக்கெட் தீவிலிருந்து அட்லாண்டிக்கைத் தாண்டி லண்டன் அரண்மனையைச் சுட பீரங்கி செய்கிறார்கள். அநியாயம்!

பதில் 2
வரலாறு தெரிந்தால்தான் ரசிக்கலாம் என்பதை நான் ஏற்க மாட்டேன். எனக்கு ஸ்டூவர்ட்டும் தெரியாது, ஹனோவரும் தெரியாது. பிலிப்பா பியர்ஸின் ‘டாம்ஸ் மிட்நைட் கார்டன்’ (1958) படியுங்கள். கடிகாரம் 13 அடிக்கும்போது கதவைத் திறந்தால் விக்டோரியா காலத்துத் தோட்டம். அங்கே ஹாட்டி என்று ஒரு சிறுமி. டாமுக்குச் சில வாரங்கள்தான் போகின்றன, அவளோ வளர்ந்து பெரியவளாகிவிடுகிறாள். சின்ன வயதில் டாம் பக்கம் நின்று படித்தேன். இப்போது ஹாட்டி பக்கம். கடைசி அத்தியாயத்தை மட்டும் பேருந்தில் வைத்துப் படிக்காதீர்கள்.

கேள்வி கேட்டவர்
இரண்டையும் குறித்துக்கொண்டேன். நூலகத்தில் அந்த நான்டக்கெட் புத்தகம் மட்டும்தான் இருக்கிறதாம். நேராக அதற்குப் போகலாமா?

பதில் 1
வேண்டாம். டைடோ ட்வைட் என்ற வாயாடிப் பெண் பேட்டர்சீயில்தான் அறிமுகம். அங்கே அவளுக்கு என்ன ஆகிறது என்பது நான்டக்கெட்டின் முதல் பக்கங்களிலேயே உடைந்துவிடும். கொஞ்சம் பொறுங்கள்.