பொரித்தலா, கூடுடைப்பா, உறைநீங்கலா?

அன்புடையீர்,

கூட்டுப்புழுவிலிருந்து அந்துப்பூச்சி வெளிவரும் நிகழ்வை ஆங்கிலத்தில் எக்லோஷன் என்பர். இதற்கான தமிழ்ச்சொல்லாக முன்மொழியப்பட்ட 'பொரித்தல்', 'கூடுடைப்பு' ஆகிய இரண்டையும் என்னால் ஏற்க இயலவில்லை. முட்டையிலிருந்து புழு வருவதற்கே பொரித்தல் என்பது வழங்குவதால், வளர்ப்புக் குறிப்பேட்டில் 'பொரித்த நாள்' என்று எழுதினால் எந்த நாள் என்ற ஐயம் எழும். மூலமான பிரெஞ்சுச் சொல்லிலும் முட்டை பொரிதல் என்ற பொருள் உண்டு என்பதற்காக நாமும் அக்குழப்பத்தைச் சுமக்க வேண்டியதில்லை.

கூடுடைப்பில் உள்ள பிழை இன்னும் பெரிது. சர்க்கரைவள்ளிக் கொடியில் கிடைத்த பருந்து அந்துப்பூச்சியின் புழு ஒன்றை வளர்த்தபோது, அது தீனியை நிறுத்திக் கீழிறங்கி, மண்ணுக்குள் புகுந்து, பட்டுக்கூடு எதுவும் கட்டாமலே கூட்டுப்புழுவாயிற்று. (அப்படியானால் கூட்டுப்புழு என்ற பெயரே பொருந்தாதே என்பீர்கள், உண்மைதான், ஆனால் பாடநூல்களில் வேரூன்றிவிட்ட அச்சொல்லை இப்போது தொட வேண்டாம்.) பட்டுப்பூச்சியோ முதலில் கூட்டுக்குள்ளேயே தன் மேலுறையைப் பிளந்து வெளிவந்து, பின்னரே வாயிலிருந்து சுரக்கும் நீர்மத்தால் பட்டிழைகளைப் பிணைத்துள்ள பசையை இளக்கிக் கூட்டைவிட்டு வெளியேறுகிறது. ஒரே சொல்லால் இவ்விரண்டையும் குறிக்க முடியாது.

ஆகவே, கூடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் பூச்சி பிளந்து வரும் மேலுறையே, அதாவது 'உறை'யே, சொல்லுக்கு அடியாக இருத்தல் வேண்டும். நான் வளர்த்த கூட்டுப்புழுவில் உறிஞ்சுகுழலுக்கெனவே ஓர் உறை, கோப்பையின் கைப்பிடிபோல் தனியே வளைந்து நின்றது. 'உறைகழி வாள்' (உறையிலிருந்து உருவிய வாள்) என்ற பழைய சொல்லாட்சியை எண்ணி முதலில் 'உறைகழிதல்' என்றுதான் எழுதினேன். ஆனால் வெளிவந்த பூச்சி, சிறகுகளுக்குள் குருதிநீரைச் செலுத்தி அவற்றை விரிக்கும் வேளையை ஒட்டி, கூட்டுப்புழுப் பருவத்தில் தேங்கிய கழிவையும் வெளியேற்றும். 'உறைகழிந்து கழிவு கழித்தது' என்று குறிப்பேட்டில் எழுத நேர்ந்ததும் சிரிப்பு வந்து, அச்சொல்லைக் கைவிட்டேன்.

எனவே 'உறைநீங்கல்' என்பதை முன்வைக்கிறேன். உறைநீங்கிய பூச்சி, உறைநீங்கும் வேளை, உறைநீங்காக் கூட்டுப்புழு என எல்லா வடிவங்களிலும் அது தடையின்றி நடக்கிறது. உயிரியல் நோக்கில் இதுவும் ஒரு தோலுரித்தலே என்ற மறுப்பு வரலாம். எனினும் புழுப்பருவத்தில் பலமுறை நிகழும் தோலுரித்தலிலிருந்து இறுதியான இதைப் பிரித்துக் காட்டத்தானே தனிச்சொல் தேடுகிறோம்?

சிறகின் கோலம் உறையூடே தெரியுமளவு உருவம் நிறைந்தும் இன்னும் வெளிவராத பூச்சிக்கு 'உறையகப் பூச்சி' என்பது பொருந்துமா என்பதையும் தெரிவிக்க வேண்டுகிறேன்.