கொங்கு நாட்டைப் பற்றி எழுத உரியவர் யார்? பயண நூல்கள் குறித்து ஒரு விவாதம்

நொய்யல்வாசி:

அடுத்த ஆண்டு நம் வாசகர் கூடுகையில் பயண நூல்களைப் படிப்பதென்று முடிவாகி, பட்டியலும் சுற்றுக்கு வந்துவிட்டது. அதில் ஐரோப்பா இருக்கிறது, இமயம் இருக்கிறது, ஜப்பான் இருக்கிறது. கொங்கு நாட்டுக்கென்று இருப்பவை இரண்டே: ஃபிரான்சிஸ் புக்கானன் 1800-ஆம் ஆண்டில் இப்பகுதியில் பயணம் செய்தபோது எழுதிய நாட்குறிப்பின் சில பக்கங்களும், அண்மையில் ஒரு வார இதழில் வந்த பயணக் கட்டுரையும். இரண்டையும் நீக்க வேண்டும் என்று முன்மொழிகிறேன்.

முதலில் கட்டுரை. எழுதியவர் வெள்ளகோவிலிலிருந்து காங்கயம் வழியாகத் திருப்பூருக்குக் காரில் போயிருக்கிறார். சாலையின் இருபுறமும் தரிசாய்க் கிடக்கும் முள்காடு என்று எழுதுகிறார். அவர் பார்த்தது கொறங்காடு. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம் என்று, மழையை மட்டும் நம்பித் தலைமுறை தலைமுறையாகக் காத்துவரும் மேய்ச்சல் நிலம் அது. காங்கயம் மாடு இன்றும் மிச்சமிருப்பதற்கு அந்தக் காடுதான் காரணம். மாட்டை உள்ளே விட்டுப் படலைச் சாத்திவிட்டால் கூடவே நின்று மேய்க்க ஆள் வேண்டியதில்லை. ஒரு காட்டில் புல் குறைந்தால் அடுத்த காட்டுக்கு மாற்றிவிடுவார்கள். வெள்வேலங்காய் உதிரும் பருவத்தில் ஆடுகளுக்கு அதுவே தீனி. கார்க் கண்ணாடி வழியாக இவ்வளவும் தெரியாதுதான். ஆனால் வண்டியை ஓரங்கட்டி, படலருகே நிற்கும் ஒருவரிடம் "ஏனுங்க, இது என்ன காடுங்க?" என்று கேட்டிருந்தால் கால் மணி நேரத்தில் எல்லாம் விளங்கியிருக்கும்.

நொய்யலைப் பற்றியும் அதே கதைதான். பாலத்தின் மீது நின்று எட்டிப் பார்த்துவிட்டு, செத்த ஆறு என்று ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டார். வெள்ளிங்கிரி மலைப்பக்கம் தோன்றும் ஆறு திருப்பூரைத் தாண்டும்போது எப்படி அந்த நிலைக்கு வந்தது, சாயக்கழிவு தேங்கிய ஒரத்துப்பாளையம் அணையால் கீழே இருந்த வயல்கள் என்ன பாடுபட்டன, 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது உழவர் ஒரு பக்கமும் தொழிலாளர் ஒரு பக்கமும் எப்படித் தவித்தார்கள் என்பதில் ஒரு வரிகூட இல்லை.

புக்கானனுக்கு வருகிறேன். 1799-இல் திப்பு வீழ்ந்ததும், புதிதாகக் கைக்கு வந்த நாட்டில் என்ன விளைகிறது, என்ன நெய்கிறார்கள், மண்ணுக்கடியில் என்ன கிடைக்கிறது என்று பார்த்துவர கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி அனுப்பிய மருத்துவர் அவர். தமிழ் தெரியாது, மொழிபெயர்ப்பாளர் சொன்னதைத்தான் எழுதினார். சொத்து மதிப்பீட்டுக்கு வந்தவரின் குறிப்பைப் பயண நூல் என்று நாம் ஏன் கொண்டாட வேண்டும்?

பவானிக்கரை:

நொய்யல்வாசி அய்யாவுக்கு வணக்கம். வார இதழ்க் கட்டுரையை நீக்குவதில் எனக்கு மறுப்பே இல்லை. அதைப் பட்டியலில் சேர்த்தவர் யார் என்றுதான் நானும் தேடிக்கொண்டிருக்கிறேன். ஆனால் அதையும் புக்கானனையும் ஒரே தராசில் வைப்பதை ஏற்க இயலாது. ஒருவர் நிறுத்திக் கேட்கவில்லை என்பது உங்கள் குறை. மற்றவர் கேட்பதைத் தவிர வேறெதையும் செய்யவில்லை.

1800 ஏப்ரலில் சென்னையை விட்டுக் கிளம்பி 1801 ஜூலை வரை மைசூர், கொங்கு, மலபார், கன்னடக் கடலோரமான கனரா என்று சுற்றிய அவர், அன்றன்றைக்குப் பார்த்ததை அன்றன்றைக்கே எழுதினார். மூன்று தொகுதிகளாக 1807-இல் இலண்டனில் அந்நூல் வெளிவந்தது. எந்த ஊரில் மண் என்ன நிறம், எந்தப் பயிரை எந்த மாதம் விதைக்கிறார்கள், தறியில் என்ன துணி ஓடுகிறது என்று அலுப்பூட்டும் அளவுக்கு எழுதியிருக்கிறார். அலுப்பூட்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். சில பக்கங்களைத் தாண்டுவதற்குப் பொறுமை வேண்டும். ஆனால் அந்த ஆண்டில் நம் ஊரில் இருந்த வேறு யார் இவற்றை எழுதிவைத்தார்கள்? நம்மவர்களுக்கு எழுதத் தெரியாமல் இல்லை. தினமும் பார்ப்பதை எழுத வேண்டுமென்று யாருக்கும் தோன்றவில்லை. அய்யா இங்கே கொறங்காட்டைப் பற்றி ஒரு பத்தி எழுதினாரே, அதைக்கூட அந்தக் கார்க்காரர் தவறாக எழுதி அவருக்குச் சினம் மூட்டியதால்தானே எழுதினார்?

ஓர் இடத்தை மட்டும் சொல்கிறேன். தணாயக்கன்கோட்டை என்று ஓர் ஊர் இருந்தது. அங்கே தங்கியிருந்த புக்கானன், அருகிலிருந்த மலையில் இருளர் ஊர் ஒன்றைப் பார்ப்பதற்காகக் களைக்கக் களைக்க ஏறினார். நீலகிரியின் மேல்தளத்துக்கு அவர் போகவில்லை. கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் அங்கே ஏறியது 1819-இல்தான். ஆனால் புக்கானன் தங்கிய அந்தக் கோட்டை இன்று பவானிசாகர் நீர்த்தேக்கத்துக்கு அடியில் கிடக்கிறது. அணை 1955-இல் கட்டி முடிக்கப்பட்டது. நீர்மட்டம் மிகவும் இறங்கும் ஆண்டுகளில் மாதவராயப் பெருமாள் கோயிலின் கல்மண்டபம் வெளியே தெரியும். செய்தித்தாளில் படம் வரும். நாமும் குடும்பத்தோடு போய்ப் பார்த்துவிட்டு வருவோம். அந்த ஊர் ஊராக இருந்த காலத்தில் அங்கே தங்கி எழுதியவரின் பக்கங்களை, அவரை அனுப்பியவர் யார் என்பதற்காக மூடி வைப்பது நமக்குத்தான் நட்டம்.

நொய்யல்வாசி:

அனுப்பியவர் யார் என்பது ஒதுக்கிவிடக்கூடிய செய்தியன்று. கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) உத்தியோகஸ்தர் ஒருவர், படையாட்கள் துணைக்கு வர, ஊருக்குள் வந்து உன் வயலில் எவ்வளவு விளையும் என்று கேட்டால் எந்த உழவன் உண்மையைச் சொல்வான்? வரி ஏறிவிடும் என்று பாதியாகக் குறைத்துத்தான் சொல்வான். தமக்குச் சொல்லப்பட்டதை நம்பலாமா என்று புக்கானனே பல இடங்களில் ஐயப்படுகிறார். எழுதியவரே ஐயப்பட்டதை, இருநூறு ஆண்டு கழித்து நாம் ஆவணம் என்று தலையில் வைத்துக்கொள்கிறோம்.

இன்னொன்று. ஓர் ஊரை எழுதுவதற்கு அந்த ஊரின் எல்லாப் பருவங்களும் தெரிந்திருக்க வேண்டும். கொறங்காட்டைச் சித்திரையில் பார்த்தால் முள்தான். ஐப்பசி மழைக்குப் பின் பார்த்தால் முழங்கால் உயரப் புல். ஒரு முறை வந்து போகிறவருக்கு இரண்டில் ஒன்றுதான் வாய்க்கும்.

தாராபுரத்து ஆசிரியை:

இரண்டு அண்ணன்மாரும் எழுதியவர் யார் என்பதிலேயே நிற்கிறீர்கள். யாருக்காக எழுதினார் என்று கேட்டுப் பார்த்தால் இந்த வழக்கு வேறு மாதிரி தெரியும் என்பது என் கருத்து.

தமிழில் பயணத்தைப் பற்றிய பழைய எழுத்தென்றால் ஆற்றுப்படைதான். அந்த வகைச் சங்கப் பாட்டான மலைபடுகடாம் 583 அடி. பரிசில் பெற்றுத் திரும்பும் கூத்தன், நன்னன் என்ற மன்னனைக் காணப் போகும் இன்னொரு கூத்தனுக்கு வழி சொல்கிறான். அது செங்கம் பக்கத்து மலைநாடு, கொங்கு அன்று. ஆனால் சொல்லும் முறையைக் கவனியுங்கள். இந்த இடத்தில் பன்றிக்குப் பொறி வைத்திருப்பார்கள், பார்த்துப் போ; இந்தப் புனத்தில் யானையை விரட்டக் கவண் கல் வீசுவார்கள், ஒதுங்கிப் போ; இந்தச் சிற்றூரில் இன்னது உண்ணத் தருவார்கள். பாதையில் பின்னால் வருகிறவனின் காலுக்காகவும் வயிற்றுக்காகவும் எழுதியது அது. புக்கானன் எழுதியது பின்னால் வரப்போகும் கலெக்டருக்காக. வார இதழ்க்காரர் எழுதியது, ஒருபோதும் வரப்போகாத வாசகருக்காக. மூவரில் அவர் ஒருவர்தான் தவறாக எழுதினாலும் யாருக்கும் இடர் இல்லை என்ற துணிவில் எழுதியிருக்கிறார்.

நம்மவர் எழுதவில்லை என்று பவானிக்கரை அண்ணன் சொன்னதையும் அப்படியே விட்டுவிட முடியாது. சென்னை சுப்ரீம் கோர்ட்டில் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த ஏனுகுல வீராசாமி, 1830-இல் காசிக்குக் கிளம்பி மறு ஆண்டு திரும்பினார்; வழி எப்படி, தண்ணீர் எங்கே, தங்க இடம் உண்டா என்று தெலுங்கில் ஊர் ஊராக எழுதினார். ஆங்கிலமும் கோர்ட்டு நடைமுறையும் தெரிந்தவர், ஆனாலும் எழுதியது அடுத்து காசிக்கு நடக்கப் போகிறவர்களுக்காக. தமிழில் வழிநடைச் சிந்து என்றே ஒரு வகை இருக்கிறது. நடந்து போகிறவர்கள் பாடிக்கொண்டே போவதற்காக, வழியில் வரும் ஊரையும் கோயிலையும் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகும்.

எங்கள் ஊர் வழியாகத் தை மாதத்தில் பழனிக்கு நடப்பவர்களைப் பாருங்கள். ஈரோடு, திருப்பூர், காங்கயம் என்று எல்லாத் திசையிலிருந்தும் வருகிறார்கள். இரவில் லாரி இடித்துவிடக் கூடாதென்று பையின் முதுகில் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும்; காலில் கொப்புளம் வந்தவர்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு தார்ச் சாலையின் வெள்ளைக் கோட்டின் மீதே நடப்பார்கள், அந்தக் கோடு சூடு குறைவாக இருக்கும் என்பதற்காக. எடப்பாடியிலிருந்து வரும் காவடிக் கூட்டத்தார் பழனி மலைமேல் ஓர் இரவு தங்கும் உரிமையை வழிவழியாக வைத்திருக்கிறார்கள். மலையிலேயே பஞ்சாமிர்தம் செய்கிறார்கள். இவ்வளவு பேர் ஆண்டுதோறும் நடக்கிறோம். இதைப் பற்றி நடந்தவர் எழுதிய ஒரு நல்ல நூலை இந்தப் பட்டியலில் சேர்க்க முடியவில்லையே, அதுதான் எனக்குக் குறை. பெண்கள் எழுதியது என்று கேட்டால் இன்னும் குறைவு. இரவில் எந்த மண்டபத்தில் பெண்கள் அஞ்சாமல் படுக்கலாம், எங்கே கழிப்பறை உண்டு என்பதை எந்த ஆணும் எழுதமாட்டார். வெளியூர்க்காரராகவே ஒரு பெண் எழுதினாலும் நான் விலை கொடுத்து வாங்குவேன்.

வால்பாறைத் தம்பி:

பெரியவர்கள் நடுவில் பேசுவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். பட்டியலில் தூர தேசம் மிகுதியாக இருக்கிறது என்ற அய்யாவின் தொனியில் எனக்கு உடன்பாடு இல்லை. ஏ.கே. செட்டியாரை எடுத்துக்கொள்ளுங்கள். கோட்டையூரில் 1911-இல் பிறந்தவர். டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக் கலை படித்தார். காந்தி பற்றிய ஆவணப்படத்துக்காக உலகைச் சுற்றிப் படச்சுருள் சேர்த்து 1940-இல் வெளியிட்டார். உலகம் சுற்றிய தமிழர் என்றால் அவர்தான். ஆனால் தமிழ்நாட்டு ஊர்களைப் பற்றிப் பழைய பத்திரிகைகளில் பலர் எழுதிய பயணக் கட்டுரைகளைத் தேடித் தொகுத்து நூலாக்கியவரும் அவரே. தூரம் போய் வந்தவருக்குத்தான் அருகில் இருப்பதைச் சேர்த்து வைக்கத் தோன்றியது. அவர் எழுத்தில் 'நான்' என்பதைத் தேடத்தான் வேண்டும்; கண்டதைச் சொல்லிவிட்டு விலகிக்கொள்வார். இன்றைய பயணக் காணொளிகளில் மலையை மறைத்துக்கொண்டு முகம்தான் நிற்கிறது.

எங்கள் மலைக்கு ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு. வருகிறவர்கள் ஒவ்வொரு வளைவிலும் எண் பலகையைப் படம் எடுக்கிறார்கள். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர் பெயரை ஒருவரும் கேட்பதில்லை. காணொளியில் பேசும் பலர் பக்கத்து மாவட்டத்துக்காரர்கள்தான், வெளிநாட்டவர் அல்லர். ஆகவே உள்ளூர்க்காரர் என்றால் சரியாக எழுதிவிடுவார் என்பதற்கு என்ன உறுதி, அய்யா?

நொய்யல்வாசி:

தம்பி கேட்பது நியாயமான கேள்வி. உள்ளூரில் பிறந்துவிட்டால் போதும் என்று நான் சொல்லவில்லை. இருந்து பார்த்திருக்க வேண்டும் என்கிறேன். பொள்ளாச்சியில் பிறந்தவனுக்கும் வால்பாறை வெளியூர்தான், அங்கே இரண்டு பருவம் இருந்து பார்க்காத வரையில். தஞ்சை மண்ணிலேயே வளர்ந்த தி. ஜானகிராமன், எழுத்தாளர் சிட்டியோடு சேர்ந்து காவிரியைத் தொடர்ந்து போய் எழுதினாரே, ஆறு அவருக்குப் பழகியது, பயணம்தான் புதியது. அந்த மாதிரி நூல் நொய்யலுக்கும் அமராவதிக்கும் வந்தால் நான் இந்த விவாதத்தையே தொடங்கியிருக்கமாட்டேன்.

ஆசிரியை அம்மா சொன்னதில் ஒன்றை மட்டும் மறுக்கிறேன். கலெக்டருக்காக எழுதியதை நாமும் படிக்கலாம். ஆனால் அதைக் கலெக்டரின் இடத்தில் உட்கார்ந்துகொண்டு படிக்கும் பழக்கம் நமக்கு வந்துவிட்டது. நம் கூட்டத்திலும் அப்படித்தான் நடக்கும்: வெள்ளைக்காரரே எழுதியிருக்கிறார் என்று ஒருவர் தொடங்குவார், பேச்சு அத்தோடு நின்றுவிடும்.

பவானிக்கரை:

நிற்காமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு. அதற்காக நூலை ஏன் தண்டிக்க வேண்டும்? வேண்டுமானால் இப்படிச் செய்யலாம். புக்கானனின் காங்கயம், தாராபுரம் பக்கங்களை மட்டும் எடுத்துக்கொள்வோம். தமிழில் சுருக்கம் எழுதித் தருவது என் வேலை. கூட்டத்தை ஈரோட்டில் மாடிக் கூடத்தில் வைக்காமல் காங்கயத்தில் யாராவது ஒருவருடைய காட்டில் வைப்போம். மாடு வைத்திருக்கும் உழவர் இருவரை அழைத்து, ஒவ்வொரு பத்தியாகப் படித்துக் காட்டி, எது சரி, எது அந்தக் காலத்துக்கே பொருந்தாது என்று அவர்கள் வாயாலேயே கேட்போம்.

தாராபுரத்து ஆசிரியை:

நல்ல யோசனை. ஆனால் உழவர் இருவர் என்றால் இருவரும் ஆண்களாகத்தான் வருவார்கள். சாணம் அள்ளுவதும் பால் கறப்பதும் யாரென்று நமக்கெல்லாம் தெரியும். பெண் ஒருவரும் வரவேண்டும் என்பதை இப்போதே எழுதிக்கொள்ளுங்கள்.

நொய்யல்வாசி:

காட்டில் வைப்பதானால் புக்கானனுக்கு என் தடை இல்லை. என் பக்கத்து நிபந்தனை ஒன்றே: ஒரு முறை சித்திரையிலும் மறுமுறை ஐப்பசி மழைக்குப் பின்னும், அதே காட்டில், இரண்டு கூட்டம். முதல் கூட்டத்துக்கு அந்த வார இதழ்க் கட்டுரையாளரையும் அழைத்துப் பார்க்கலாம். வந்தால் படலைத் திறந்துவிட நான் நிற்கிறேன்.

பவானிக்கரை:

சித்திரை வெயிலில் அந்தக் காட்டில் உட்கார வைத்தால் எவர் வருவார் என்று தெரியவில்லை. காலை ஆறு மணிக்குத் தொடங்கினால் ஒப்புக்கொள்கிறேன். மோருக்கு யார் பொறுப்பு?