மறு: சூப்பர்சார்ஜர், டர்போசார்ஜர் – தமிழில் என்ன?

நண்பர்களுக்கு வணக்கம். கார் என்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கிற இரண்டு கருவிகளுக்கு நம் கலைச்சொல் பட்டியலில் வந்த பெயர்கள் இவை:

> சூப்பர்சார்ஜர் – மீமின்னேற்றி
> டர்போசார்ஜர் – சுழல்மின்னேற்றி

இந்த இரண்டையும் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். சார்ஜ் என்றதும் நமக்கு செல்போன் நினைவு வந்துவிடுகிறது. இங்கே மின்சாரத்துக்கு வேலையே இல்லை. துப்பாக்கிக்கு மருந்து கெட்டிப்பது போல, ஒவ்வொரு முறையும் சிலிண்டருக்குள் போய் அடைகிற காற்றும் பெட்ரோலும்தான் அந்த சார்ஜ். என்ஜின் தானாக உறிஞ்சுவதைவிடக் கூடுதலாகக் காற்றைத் திணிப்பதுதான் இரண்டு கருவிகளின் பிழைப்பும்.

மலேசிய நண்பர் ஒருவர் முன்வைத்த மீயூட்டி, சுழலூட்டி தேவலை. ஆனால் இரண்டிலுமே உள்ளே ஏதோ ஒன்று சுழலத்தான் செய்கிறது. சுழலூட்டி என்று கேட்டவன் எதை என்று எடுத்துக்கொள்வான்? மீயூட்டி என்று வீட்டில் சொல்லிப் பார்த்தேன். "ஊட்டிக்கும் மேலயா?" என்றாள் மகள்.

எனக்கு வழி காட்டியது பெங்களூரின் கார் உதிரிபாகக் கடைத்தெருவான ஜே.சி. ரோடு. நண்பர் ஒருவரிடம் பழைய கார் இருக்கிறது, ஆறு சிலிண்டரும் ஒரே வரிசையில் நிற்கிற பெட்ரோல் என்ஜின். அதற்கு எதை மாட்டலாம் என்று கேட்கப் போன சனிக்கிழமை இருவரும் போயிருந்தோம். (ஆர்.டி.ஓ. விவகாரம் தனி, அதை இங்கே இழுக்கவில்லை.) பின்சந்துப் பட்டறையில் கிருஷ்ணகிரிக்காரர் ஒருவர் பழைய டர்போ ஒன்றைச் சாக்கின் மேல் வைத்தார். முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு நத்தைகள். ஒன்று வெந்து பழுப்பேறிய வார்ப்பிரும்பு, மற்றொன்று வெள்ளை அலுமினியம். அலுமினியப் பக்கத்து விசிறியை விரலால் சுண்டினார். இரும்புப் பக்கத்து விசிறியும் கூடவே சுற்றியது. ஒரே தண்டு. அதை மேலும் கீழும் ஆட்டிப் பார்த்து, "ஆட்டம் இருக்கு சார், இது வேணாம்" என்று ஓரமாகத் தள்ளினார். ஓடும்போது அந்தத் தண்டு நிமிடத்துக்கு லட்சம் சுற்றைத் தாண்டும், ஆட்டம் இருந்தால் தாங்காது.

சூப்பர்சார்ஜர் எப்படி என்றேன். "இது பொகையில சுத்தும், அது பெல்ட்டுல சுத்தும். அவ்ளோதான் சார்."

அந்த ஒரு வரியில் இலக்கணமே இருக்கிறது. இரண்டும் காற்றடிக்கும் கருவிகள், எதனால் ஓடுகின்றன என்பதில்தான் பிரிகின்றன. காற்றடிக்கும் கருவிக்கு நம்மிடம் சொல் இல்லையா என்ன? கொல்லன் உலையின் துருத்தி இருக்கிறது. ஏழூருக்குப் பொதுவாக ஓரூரில் வைத்த உலையின் மிதிதோல் (காலால் மிதிக்கும் தோல்துருத்தி), வரம்பறியாமல் வருந்தும் நெஞ்சுக்கு உவமையாகச் சங்கப்பாட்டிலேயே வருகிறது. (இங்கே ஆறு சிலிண்டருக்கு ஒன்று. ஓர் ஊர் குறைகிறது, பரவாயில்லை.) பொருத்தம் இதோடு முடியவில்லை. இன்றும் சூப்பர்சார்ஜர்களில் ஒரு வகைக்கு ரூட்ஸ் என்று பெயர். அமெரிக்காவில் ரூட்ஸ் சகோதரர்கள் 1860-இல் காப்புரிமை பெற்ற அந்தக் கருவி முதலில் உலைகளுக்குக் காற்றடித்தது; காருக்குள் பிறகுதான் வந்தது.

ஆகவே என் முன்மொழிவு: பொதுப்பெயர் துருத்தி. என்ஜினின் கிராங்க் தண்டிலிருந்து (பிஸ்டன்கள் சுழற்றும் முதன்மைத் தண்டு) விசை வாங்குவது தண்டுத்துருத்தி, என்ஜின் வெளியே தள்ளும் புகையில் ஓடுவது புகைத்துருத்தி. பெல்ட்டைப் பெயரில் சேர்க்காததற்குக் காரணம் உண்டு. பழைய விமான என்ஜின்களில் பல்சக்கரம் வழியாக ஓட்டினார்கள், அதுவும் தண்டுத்துருத்திதான்.

> சூப்பர், டர்போ என்ற வேறுபாடு மொழிபெயர்ப்பில் தொலைந்துவிடக் கூடாது.

இப்படி எழுதிய பேராசிரியர் ஐயா மன்னிக்க வேண்டும், அந்த வேறுபாடு ஆங்கிலத்திலேயே அவ்வளவு சுத்தமாக இல்லை. ஸ்விட்சர்லாந்தின் ஆல்ஃபிரெட் பூகி 1905-இல் காப்புரிமை பெற்ற, புகையில் ஓடும் கருவியைப் பிற்காலத்தில் ஆங்கிலத்தில் டர்போசூப்பர்சார்ஜர் என்றே அழைத்தார்கள். நடுவிலிருந்த சூப்பர் பிறகு உதிர்ந்தது. ஆடி நிறுவனத்தின் வி-6 (V வடிவில் இரண்டு வரிசையாக ஆறு சிலிண்டர்) காரின் முதுகில் 3.0 டி.எஃப்.எஸ்.ஐ. என்றிருக்கும். 'டி'யைப் பார்த்து டர்போ என்று நினைத்துத் திறந்தால், இரண்டு வரிசைக்கும் நடுப் பள்ளத்தில் பல ஆண்டுகள் உட்கார்ந்திருந்தது சூப்பர்சார்ஜர். தமிழில் தண்டு, புகை என்று வைத்தால் இந்தக் குழப்பம் வராது.

புகை என்றால் கரும்புகை நினைவு வரும், கழிவளி என்று வையுங்கள் என்று ஒருவர் எழுதியிருந்தார். பெட்ரோல் பங்க்கில் எடுப்பதை நாம் புகை டெஸ்ட் என்றுதானே சொல்கிறோம், எவ்வளவு சுத்தமான காராக இருந்தாலும்?

பெயரைக் காரில் ஓட்டியும் பார்த்தேன். தண்டுத்துருத்தி தன் சம்பளத்தை என்ஜினிடமே முன்பணமாக வாங்கிக்கொள்ளும், ஆனால் ஆக்சிலரேட்டரில் கால் வைத்ததும் வேலை செய்யும். சில்க் போர்டு சந்திப்பு நெரிசலுக்கு அதுதான் சுகம். புகைத்துருத்தி வீணாகப் போகிற புகையில் பிழைக்கிறது (முழு இனாம் இல்லை, புகையின் வழியில் அது ஒரு தடை). புகை சேரும்வரை காத்திருக்கவும் வேண்டும். டர்போ லேக் என்கிற அந்தக் காத்திருப்புக்குச் சுணக்கம் என்ற சொல் போதும்.

நேர்வரிசை ஆறுக்கு அந்தச் சுணக்கத்தைக் குறைக்க நல்ல வழி இருக்கிறது. சிலிண்டர்கள் வெடிக்கும் வரிசை 1-5-3-6-2-4. முன் மூன்றின் புகையை ஒரு குழாயிலும் பின் மூன்றின் புகையை இன்னொன்றிலும் விட்டால், ஒவ்வொன்றிலும் கிராங்க் தண்டின் 240 பாகைச் சுற்றுக்கு ஒரு தள்ளு டர்போ சக்கரத்துக்குச் சீராக வரும், ஒன்றை ஒன்று கெடுக்காது. புகைத்துருத்திக்கு இன்னொரு சாதகமும் உண்டு. பெங்களூர் கடல்மட்டத்துக்கு 900 மீட்டருக்கு மேல். சென்னையைவிட இங்கே காற்றழுத்தம் சுமார் பத்தில் ஒரு பங்கு குறைவு. தண்டுத்துருத்தியின் வேகத்தைப் பெல்ட் ஓடும் சக்கரமான புல்லி நிர்ணயித்துவிடுவதால் அந்தக் குறை அப்படியே தங்கும். புகைத்துருத்தி கொஞ்சம் கூடச் சுற்றி ஈடுகட்டிவிடும். நண்பரிடம் புகைத்துருத்திதான் என்று சொல்லிவிட்டேன். அவருக்குப் பெல்ட்டில்தான் ஆசை.

மெர்சிடிஸின் நேர்வரிசை ஆறு சிலிண்டர் என்ஜின்கள் சிலவற்றில் டர்போவோடு மின்சாரத்தில் ஓடும் துணைக் காற்றடிப்பானும் இருக்கிறது. அது மின்துருத்தி. கடைசியில் மின்சாரம் உண்மையாகவே வருகிற இடம் இதுதான்.

ஒன்று மட்டும் தீரவில்லை. அழுத்தம் மிஞ்சும்போது புகையை டர்போ சக்கரத்துக்குப் போகவிடாமல் பக்கவழியில் திருப்புகிற வேஸ்ட்கேட். முதலில் புகைமதகு என்று எழுதினேன். ஆனால் மதகு, வேண்டும்போது ஆள் திறப்பது. மிஞ்சியது தானாகப் போவது கலிங்கு. புகைக்கலிங்கு என்று வைக்கலாமா? கண்மாய்ப் பக்கத்து ஆட்கள் யாராவது சொல்லுங்கள்.

அல்சூரிலிருந்து,
அன்புடன்.