புதுப்பிப்பு: பழைய ஆம்ப்ளிஃபயரின் அவுட்புட் டிரான்சிஸ்டருக்கு மாற்று கிடைத்தது

என் பழைய ஆம்ப்ளிஃபயரின் வலது சேனலில், ஸ்பீக்கரை ஓட்டும் 2எஸ்ஏ747, 2எஸ்சி1116 டிரான்சிஸ்டர் ஜோடி ஷார்ட் ஆகிப் போய்விட்டது, அசல் எங்கும் இல்லை, என்ன போடலாம் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

எம்ஜே21193, எம்ஜே21194 டிரான்சிஸ்டர்களைப் போடச் சொன்ன யோசனைதான் கைகொடுத்தது. அதே டிஓ-3 உலோக உறை, 250 வோல்ட், 16 ஆம்பியர், அதனால் துளை எதுவும் போடாமல் பழைய இடத்திலேயே உட்கார்ந்துவிட்டது. டிரான்சிஸ்டருக்கு அடியில் மின்காப்புக்காக வைக்கும் மைக்கா தகட்டை மட்டும் புதிதாக வைத்து, இரண்டு சேனலிலும் சேர்த்தே மாற்றினேன். பழைய எண்ணையே அச்சடித்து மலிவாக விற்பவற்றை நம்பாதீர்கள் என்று ஒருவர் சொன்னாரே, அது நூற்றுக்கு நூறு சரி. வாங்கிய ஒன்றை அறுத்துப் பார்த்தேன், உள்ளே கடுகளவு சில்லு, போலியேதான்!

எதிர்பாராதது என்னவென்றால், டிரான்சிஸ்டரைக் கொன்றதே பயாஸ் பிரிசெட்தான், அதாவது பாட்டு இல்லாதபோதும் டிரான்சிஸ்டரில் ஓடும் சிறு மின்னோட்டத்தை (பயாஸ்) திருகி அமைக்கும் சின்ன ரெசிஸ்டர். உள்ளே தொடர்பு விட்டுவிட்டு, பயாஸ் எகிறியிருக்கிறது. அதையும், அறுந்திருந்த ஒரு 0.33 ஓம் எமிட்டர் ரெசிஸ்டரையும் (டிரான்சிஸ்டரின் எமிட்டர் காலில் தொடராக இருப்பது) மாற்றி, சீரிஸ் பல்ப் வழியாக, அதாவது மின்னோட்டம் எகிறாமல் தடுக்க மெயின்ஸில் தொடராக ஒரு பல்பை வைத்து ஆன் செய்தேன். பல்ப் ஒரு கணம் மின்னி மங்கியது, ஆக ஷார்ட் எதுவும் மிச்சமில்லை. அப்புறம் பல்பை எடுத்துவிட்டு, எமிட்டர் ரெசிஸ்டரின் குறுக்கே 10 மில்லிவோல்ட், அதாவது சுமார் 30 மில்லிஆம்பியர் இருக்கும்படி பயாஸை வைத்தேன். சூடான பிறகும் அங்கேயே நிற்கிறது.