விலை ஏறியபோதும் அபுதாபி உற்பத்தியைக் கூட்டாதது ஏன்?

கீழைக்காற்று (டிசம்பர் 2022):

கடந்த மார்ச் மாதத் தொடக்கத்தில் உலகச் சந்தையில் அளவுகோலாகக் கொள்ளப்படும் பிரென்ட் கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு 139 டாலர் வரை சென்று இறங்கியது. 2008 ஜூலைக்குப் பிறகு சந்தை அத்தகைய விலையைக் கண்டதில்லை. அந்த வேளையில் ஐக்கிய அரபு அமீரகம், நாளொன்றுக்கு 40 லட்சம் பீப்பாய் எடுக்கும் திறன் தன்னிடம் இருப்பதாகக் கூறிக்கொண்டே, ஏறத்தாழ 30 லட்சம் பீப்பாய் மட்டுமே எடுத்துக்கொண்டிருந்தது. இதற்கிடையே, ஜூன் மாத ஜி7 மாநாட்டில் பிரெஞ்சு அதிபர் மக்ரோன், அமீரகம் தன் உச்ச அளவை எட்டிவிட்டதாக அதன் அதிபர் ஷேக் முகமது பின் சயீதே தம்மிடம் தெரிவித்ததாக பைடனிடம் கூறியது ஒளிப்படக் கருவிகளில் பதிவாகிவிட்டது. இப்போதோ அபுதாபி அரசின் அட்நாக் நிறுவனம், 50 லட்சம் பீப்பாய்த் திறனை 2030க்குப் பதிலாக 2027க்குள்ளேயே எட்டப்போவதாக நவம்பரில் அறிவித்திருக்கிறது. கையிலிருக்கும் திறனையே முழுமையாகப் பயன்படுத்தாத ஒரு நாடு, மேலும் திறனைச் சேர்க்க இவ்வளவு விரைவது ஏன்? உச்சத்தில் இருப்பதாகச் சொன்னது உண்மையா, உபரி இருப்பதாகச் சொல்வது உண்மையா?

பீப்பாய்க்கணக்கு:

இரண்டுமே உண்மைதான், இரண்டும் வெவ்வேறு அளவுகோல்களைப் பற்றிய கூற்றுகள். முறைப்பாசனம் நடக்கும் ஊரில் ஒருவரின் வயல் எவ்வளவு நீரை ஏற்கும் என்பது ஒன்று, அவருடைய முறைக்கு மடை எவ்வளவு நேரம் திறந்திருக்கும் என்பது வேறொன்று. மக்ரோனின் பேச்சு வெளியானவுடன் அமீரகத்தின் எரிசக்தி அமைச்சர் சுஹைல் அல் மஸ்ரூயி அளித்த விளக்கமும் இதையே சொன்னது: ஓபெக் பிளஸ் (ஓபெக் நாடுகளும் ரஷ்யா முதலான பிற எண்ணெய் நாடுகளும் சேர்ந்த கூட்டணி) உடன்பாட்டில் தமக்குரிய அடிப்படை அளவான, அதாவது உற்பத்தி வெட்டைக் கணக்கிடத் தொடங்கும் அளவான, 31 லட்சத்து 68 ஆயிரம் பீப்பாயின் உச்சத்தைத்தான் நெருங்கியிருக்கிறோம் என்றார் அவர். நிலத்தடியில் உள்ள எண்ணெயின் எல்லையை அவர் குறிப்பிடவில்லை.

அந்த எண் வந்த வழியை அறிந்தால்தான் இப்போதைய அவசரம் புரியும். 2020 ஏப்ரலில், கொரோனா முடக்கத்தால் தேவை சரிந்தபோது, ஓபெக் பிளஸ் நாடுகள் நாளொன்றுக்கு 97 லட்சம் பீப்பாய் உற்பத்தியைக் குறைக்க ஒப்புக்கொண்டன. சவூதி, ரஷ்யா நீங்கலான பெரும்பாலான நாடுகளுக்கு 2018 அக்டோபரில் அவை எடுத்த அளவே அடிப்படையாகக் கொள்ளப்பட்டு, அதிலிருந்து விகிதப்படி வெட்டு கணக்கிடப்பட்டது. அதற்குப் பிறகு புதிய கிணறுகளில் பணத்தைக் கொட்டிய அபுதாபிக்கு இது பெரும் இழப்பாகத் தோன்றியது. கூடுதல் திறனைக் கட்டியும் அது கணக்கில் ஏறவில்லை. 2021 ஜூலையில் அமீரகம் வெளிப்படையாகவே சவூதி அரேபியாவோடு முரண்பட்டு, அடிப்படை அளவை 38 லட்சமாக உயர்த்தக் கோரியதால், கூட்டம் முடிவின்றிக் கலைந்தது. பிறகு 2022 மே முதல் 35 லட்சம் என்று சமரசம் ஏற்பட்டது. அமைச்சர் குறிப்பிட்ட 31 லட்சத்து 68 ஆயிரம், 2018 அக்டோபரை ஒட்டிய பழைய அடிப்படை அளவு. ஆக, திறனைப் பெருக்குவது உடனே விற்பதற்காக மட்டுமன்று. அடுத்த பேரத்தில் பெரிய பங்கைக் கேட்பதற்கும்தான். கட்டிக் காட்டாமல் கேட்டால் யாரும் தரமாட்டார்கள் என்பதை அவர்கள் அந்த ஜூலையில் நன்றாகவே கற்றுக்கொண்டார்கள் என்பது என் கணிப்பு.

இந்த அக்டோபரில் ஓபெக் பிளஸ் மீண்டும் 20 லட்சம் பீப்பாய்க் குறைப்பை அறிவித்ததும், அமீரகத்தின் ஒதுக்கீடு 30 லட்சத்து 19 ஆயிரமாக இறங்கியதும் தாங்கள் அறிந்திருப்பீர்கள்.

மணல்மேடு:

பீப்பாய்க்கணக்கு அவர்களின் விளக்கத்தில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் எல்லாவற்றையும் ஒதுக்கீட்டின் மேல் ஏற்றிவிட்டால் கிணற்றுப் பக்கம் மறைந்துவிடும். முதலில், 50 லட்சம் என்ற இலக்கு உயர்ந்த விலையில் பிறந்ததே அன்று. அட்நாக் அதை 2018 நவம்பரில், எண்ணெய் விலை வேகமாகச் சரிந்துகொண்டிருந்த வாரங்களில் அறிவித்தது. இவ்வாண்டின் விலை செய்ததெல்லாம் பணத்தைத் தந்து காலக்கெடுவை முன்னுக்கு இழுத்ததுதான்.

இரண்டாவது, இந்தத் திறன் ஒரு விசையைத் தட்டிப் பெறுவது அன்று. அபுதாபிக்கு வடமேற்கே கடலில் உள்ள மேல் ஸகூம் எண்ணெய் வயலை எடுத்துக்கொள்ளுங்கள். 1963இல் கண்டறியப்பட்ட அந்த வயலில், எஃகு மேடைகளைப் பெருக்கிக்கொண்டே போவதற்குப் பதிலாக, ஆழமில்லாக் கடலில் நான்கு செயற்கைத் தீவுகளை எழுப்பி, அங்கிருந்தே பக்கவாட்டில் வெகுதூரம் துளையிடுகிறார்கள். இவ்வாண்டு அங்கே துளையிடப்பட்ட ஒரு கிணற்றின் நீளம் 50,000 அடி, அதாவது 15 கிலோமீட்டருக்கும் மேல். உலகிலேயே மிக நீளமானது என்று அட்நாக் அறிவித்தது. எக்ஸான்மொபிலும் ஜப்பானின் இன்பெக்ஸும் பங்காளிகளாக உள்ள இந்த வயலை நாளொன்றுக்கு 10 லட்சம் பீப்பாய்க்குக் கொண்டுசெல்வதே நோக்கம். இவையெல்லாம் பல ஆண்டுகள் பிடிக்கும் வேலைகள். மார்ச் மாத விலையைப் பார்த்து ஏப்ரலில் எண்ணெய் தர இவற்றால் இயலாது.

மேலும், அறிவிக்கப்படும் திறனை அப்படியே உபரி என்று கொள்ளவும் நான் தயங்குவேன். அமெரிக்க எரிசக்தித் தகவல் நிர்வாகம், 30 நாள்களுக்குள் வெளிக்கொணர்ந்து குறைந்தது 90 நாள்கள் தொடரக்கூடிய அளவையே உபரித் திறன் என்று வரையறுக்கிறது. நீண்ட காலம் அடைத்து வைத்த கிணறுகள் அந்தத் தேர்வில் எவ்வளவு தேறும் என்பது எடுத்துப் பார்க்கும் நாளில்தான் வெளிப்படும்.

காலத்தைப் பற்றிய அச்சமும் இருக்கிறது. 2050க்குள் நிகரச் சுழிய உமிழ்வை (வெளியிடும் பசுமைக்குடில் வாயுக்களும் அகற்றும் வாயுக்களும் சமமாகும் நிலையை) எட்டுவதாக 2021 அக்டோபரில் உறுதியளித்த அதே நாடு இவ்வளவு தோண்டுவது முரணாகத் தெரியலாம். ஆனால் உலகின் தேவை என்றோ ஒரு நாள் இறங்கும் என்று நம்புகிறவர்தான், நிலத்தடியில் கிடப்பதை அதற்கு முன்னரே விற்றுவிட விரைவார்.

கீழைக்காற்று:

இருவருக்கும் நன்றி, குழப்பம் தீர்ந்தது. அந்த நவம்பர் அறிவிப்பில் கண்ட 15,000 கோடி டாலர் முழுவதும் கிணறுகளுக்குத்தானா? அபுதாபியில் இந்திய நிறுவனங்களுக்கும் பங்கு உண்டு என்று படித்த நினைவு. அதனால் இங்கே பெட்ரோல் விலைக்கு ஏதேனும் பயன் உண்டா?

பீப்பாய்க்கணக்கு:

முழுவதும் அன்று. அது 2023 முதல் 2027 வரையிலான ஐந்தாண்டு முதலீட்டுத் திட்டத்தின் மொத்தத் தொகை. இயற்கை எரிவாயு முதலிய பிற தொழில்களும் அதில் அடங்கும். இந்தியப் பங்கு கீழ் ஸகூம் வயலில் உள்ளது. ஓ.என்.ஜி.சி. விதேஷ் தலைமையில், இந்தியன் ஆயில் முதலான அரசுத் துறை நிறுவனங்கள் 2018இல் 60 கோடி டாலர் செலுத்தி 10 விழுக்காட்டு உரிமையை 40 ஆண்டுகளுக்குப் பெற்றன. அதனால் பெட்ரோல் நிலையத்தில் விலை குறையும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அந்த எண்ணெயும் சந்தை விலையிலேயே மதிப்பிடப்படுகிறது. இலாபம் நிறுவனக் கணக்கில் சேரும், அவ்வளவுதான். ஒதுக்கீடு குறைக்கப்பட்டு வயலின் உற்பத்தியும் குறையுமானால், பங்காளிகளுக்கு வரும் பீப்பாய்களும் அதற்கேற்பக் குறையும்.