பசியாறும் நேரத்தில் தீர்ந்துபோன 30 வெள்ளி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஏர்கோன் மாட்டும் வேலை, கழுவும் வேலை செய்கிறேன். அப்பா ரப்பர் பால் வெட்டிய தோட்டம் இப்போது செம்பனை. போன வருஷம் மகள் கூகுளில் விளம்பரம் போட்டுக் கொடுத்தாள். நாளுக்கு 30 வெள்ளி (ரிங்கிட்). யாராவது கிளிக் செய்தால் ஏறக்குறைய 3 வெள்ளி போகும், நம்மை அழைத்தாலும் அழைக்காவிட்டாலும்.

முதல் மாதம் நன்றாக ஓடியது. அப்புறம் காலை ஒன்பதரைக்கெல்லாம் பணம் தீர்ந்துவிடும், ஓர் அழைப்பும் வராது. வெயில் ஏறி ஊரே ஏர்கோன் தேடுகிற மதியத்தில் என் விளம்பரம் இருக்காது. மகள் கணக்கைத் திறந்து காட்டினாள். கிளிக் எல்லாம் எட்டுக்கும் ஒன்பதரைக்கும் நடுவில், ஞாயிற்றுக்கிழமை மட்டும் இல்லை. வீட்டு ஏர்கோனுக்கு ஞாயிறு லீவா?

ஒருநாள் ரொட்டி சானாய் கடையில் விடை கிடைத்தது. பக்கத்து மேசையில் வேறொரு ஏர்கோன் கடைப் பையன்கள் மூன்று பேர். ஒருவனுக்கு வலது கை சாம்பாரில், இடது கைக் கட்டைவிரல் கைப்பேசியில். தேடுவான், தட்டுவான், மூடுவான். திரையில் என் கடைப் பெயர். என்னைக் கண்டதும், "அண்ணே, பாஸ் சொன்னாரு. ஆளுக்கு மூணு தடவைதான்" என்றான். அவன் தாத்தாவும் என் அப்பாவும் ஒரே தோட்ட லயத்து வீடுகளில் இருந்தவர்கள்.

பதிலுக்கு நானும் அவர்கள் விளம்பரத்தைத் தட்டினேன், மறைக்கவில்லை. இரண்டாம் நாள் மகள் பார்த்துவிட்டு, "அப்பா, அந்தக் காசு கூகுளுக்குத்தான் போகுது" என்றாள்.

ஒரே ஆள் திரும்பத் திரும்பத் தட்டினால் கூகுளே கண்டுபிடித்துக் கழித்துவிடுமாம். 'செல்லாத கிளிக்' என்று கணக்கில் தனியாகக் காட்டுகிறது, எங்களுக்கும் கொஞ்சம் கழிந்திருந்தது. மூன்று கைப்பேசி, மூன்று டேட்டா என்றால் பிடிப்பது கஷ்டம். ஐபி முகவரியை, அதாவது இணையத்தில் கைப்பேசிக்குக் கிடைக்கும் எண்ணை, தடுக்கலாம், ஆனால் டேட்டாவில் அது மாறிக்கொண்டே இருக்கும். கடைசியில் விளம்பரம் பதினொரு மணிக்குத் தொடங்கும்படி மாற்றினோம். போலீசுக்குப் போகவில்லை. இது குற்றம்தானா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

*மறுமொழி 1*

ஈப்போவில் வழக்கறிஞர் அலுவலகக் குமாஸ்தா நான். நம் மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 415-ஆவது பிரிவு ஏமாற்றுதலைச் சொல்கிறது. ஏமாற்றியவனுக்கு லாபம் வந்திருக்க வேண்டியதில்லை, இன்னொருவருக்கு நஷ்டம் வந்தாலும் போதும் என்று வாதாட இடம் உண்டு. பொய் சொல்லிப் பணம் பறித்தால் 420. ஓராண்டு முதல் 10 ஆண்டுவரை சிறை, கூடவே பிரம்படி. ஆனால் கட்டைவிரலை யார் நிரூபிப்பது? அதுதான் பாடு.

பெரிய அளவில் செய்தவர்கள் மாட்டியிருக்கிறார்கள். அலெக்சாண்டர் ஸூகோவ் என்ற ரஷ்யர் வாடகைக் கணினிகளில் போலி ஆட்களை உருவாக்கி விளம்பரம் 'பார்க்க' வைத்து 70 லட்சம் டாலருக்கு மேல் பார்த்தார். 2021-இல் நியூயார்க் நீதிமன்றம் 10 ஆண்டு கொடுத்தது. கூகுளும் தப்பவில்லை. செல்லாத கிளிக்குக்குக் காசு வாங்கியதாக விளம்பரதாரர்கள் ஆர்கன்சாவில் தொடுத்த வழக்கை 2006-இல் 9 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. பையனை விடுங்கள், அந்த பாஸிடம் நேரில் பேசிப் பாருங்கள் அண்ணே.

*மறுமொழி 2*

என் பாவத்தையும் சொல்லிவிடுகிறேன். சமையல் வலைப்பூவில் ஆட்சென்ஸ் விளம்பரம் வைத்திருந்தேன், அதாவது கூகுள் அங்கே விளம்பரம் காட்டி, வரும் காசில் எனக்கும் பங்கு தரும். 100 டாலர் சேர்ந்தால்தான் கையில் தருவார்கள், எனக்கு 81-லேயே நின்றது. குடும்பப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் "எல்லாரும் ஆளுக்கு ஒரு தட்டு தட்டுங்க" என்று போட்டேன். தோட்டத்தில் இருக்கும் அத்தை ராத்திரி முழுக்கத் தட்டியிருக்கிறார், அவ்வளவு பாசம். மூன்றாம் நாள் கணக்கு முடங்கியது, 81 டாலரும் போச்சு.

அப்போது கூகுளைத்தான் திட்டினேன். அண்ணன் எழுதியதைப் படித்தபோது என் ரசம் பதிவுக்குப் பக்கத்தில் தினமும் வந்த ஒரு தையல் கடை விளம்பரம் ஞாபகத்துக்கு வந்தது. அவர்களும் நாளுக்கு 30 வெள்ளிதான் வைத்திருந்தார்களோ என்னவோ.

அத்தையிடம் இன்னும் சொல்லவில்லை. "விளம்பரமே வரமாட்டேங்குதே, தட்ட வேணாமா?" என்று போன வாரம்கூடக் கேட்டார்.